டிப்ளோமாவுக்குப் பணம் கட்டிய பிறகு

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் கிளிநொச்சியின் மதில்கள் எல்லாம் கல்விமயமாகிவிடும். கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரைக்கும் ஏ9 வீதியின் இருமருங்கிலும், ஆறு மாதத்தில் டிப்ளோமா, படிக்கும்போதே சம்பளம், முடித்ததும் வெளிநாட்டு வேலை என்று சுவரொட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. வவுனியா பேருந்து நிலையத்தைச் சுற்றியும் புதுக்குடியிருப்புச் சந்தியிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். இவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு வரி, "அரச அங்கீகாரம் பெற்றது" என்பதாகும். எந்த அரச நிறுவனம், எதற்காக, எந்த ஆண்டில் அங்கீகரித்தது என்ற விபரம் அந்த வரியில் ஒருபோதும் இருப்பதில்லை.

நான் இந்த மாவட்டத்தில் உயர்தர வகுப்புகளுக்கு வணிகக் கல்வி கற்பிக்கிறேன். பாடசாலையை விட்டுப் போன பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் பிரசுரங்களோடும், சில காலம் கழித்துச் சான்றிதழ்களோடும் என்னிடம் வருகிறார்கள். "இது செல்லுமோ சேர்?" என்பதே எல்லோருடைய கேள்வியும். அதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

தனியார் கல்வி நிறுவனங்கள் வன்னிக்குள் ஏன் இவ்வளவு வேகமாக வந்தன என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் அந்தப் பதினாறினுள் அடங்குகின்றன. இருந்தும், நாடளாவிய ரீதியில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு அரச தொழிற்பயிற்சி இல்லாமலில்லை. 2016இல் அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும், வவுனியாத் தொழில்நுட்பக் கல்லூரியும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் இருக்கின்றன. ஆனாலும் துணுக்காயிலிருந்தோ கொக்குளாயிலிருந்தோ பஸ் ஏறி வரும் ஒரு பிள்ளைக்குச் சனி, ஞாயிறு வகுப்பு வசதியாகத் தெரிகிறது. வெல்டிங் சான்றிதழைவிட முகாமைத்துவ டிப்ளோமா கௌரவமாகவும் தெரிகிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்கள் தையலுக்கும் மேசன் வேலைக்கும் கணினிக்கும் இலவசப் பயிற்சி கொடுத்து, விழா வைத்துச் சான்றிதழ் வழங்கிய வழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். விழாவில் கையளிக்கப்படும் எந்தச் சான்றிதழுக்கும் பெறுமதி உண்டு என்று அப்போது பழகிய சனம், இப்போது அதே நம்பிக்கையோடு பணமும் கட்டுகிறது.

தனியார் கல்வியே கூடாது என்பவன் நானல்லன். வன்னியில் நேர்மையாக நடக்கும் நிறுவனங்களை அறிவேன். அவற்றில் படித்து நல்ல வேலைகளில் இருக்கும் பழைய மாணவர்களையும் அறிவேன். என்னுடைய குறை வேறொன்று. இந்த நாட்டில் தனியார் உயர்கல்வி பற்றிய விவாதம் நாற்பது ஆண்டுகளாக அனுமதிப்பதா, கூடாதா என்ற ஒரே இடத்தில் நிற்கிறது. அதுவும் பெரும்பாலும் மருத்துவக் கல்வியைப் பற்றியதாகவே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் றாகமையில் ஆரம்பிக்கப்பட்ட வடகொழும்பு மருத்துவக் கல்லூரி கடும் எதிர்ப்புகளுக்குப் பிறகு 1989இல் அரசின் கைக்கு வந்தது. மாலபேயில் இருந்த சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியின் விவகாரத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2018இல் உறுதிப்படுத்தியது. மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தினுள் உள்வாங்கப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் நாடே தெருவில் நின்றது. விசுவமடுவிலிருந்து வந்து வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில் ஆறு மாத டிப்ளோமா படிக்கும் பிள்ளைக்காக எவரும் பதாகை பிடித்ததில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒரு நிறுவனம் "பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லும்போது அது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரியங்களில் எதையும் குறிக்கலாம். பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாகக் கூட்டிணைந்திருக்கலாம். இவை இரண்டும் வியாபாரம் தொடங்குவதற்கான சம்பிரதாயங்கள் மாத்திரமே. அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, யார் கற்பிக்கிறார்கள் என்று பதிவாளர் கேட்பதில்லை. கேட்பது அவருடைய வேலையும் அல்ல. பலசரக்குக் கடைக்கும் கிடைக்கும் இந்தப் பத்திரத்தைப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு அரச அங்கீகாரம் என்று பேசுவோர் இருக்கிறார்கள்.

தொழிற்கல்வி நிறுவனங்களுக்கு உண்மையில் பொருந்துவது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம். அதன் கீழ் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ஒவ்வொரு பயிற்சி நிறுவனமும் பதிந்துகொள்ள வேண்டும். ஆனால் நிறுவனத்தைப் பதிவது ஒன்று, அது நடத்தும் கற்கைநெறிக்குத் தராதர அங்கீகாரம் பெறுவது இன்னொன்று. ஒரே நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவாகியிருந்து, அதன் பத்துக் கற்கைநெறிகளில் இரண்டு மாத்திரம் தேசிய தொழிற்தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்லும் தகைமை, வழங்கத் தக்கவையாக இருக்கலாம். எஞ்சிய எட்டின் முடிவில் கிடைப்பது அந்த நிறுவனம் தானே அச்சிட்ட தாள். பெற்றோர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பதிவிலக்கம் உண்மையானது, சான்றிதழும் உண்மையானது, இரண்டுக்கும் இடையில் சம்பந்தம் மட்டும் இல்லை.

என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள், ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. உயர்கல்விப் பக்கத்தில் 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் பன்னிரண்டு மட்டங்களைக் கொண்டது. அந்தச் சட்டகத்தில் டிப்ளோமா மூன்றாம் மட்டத்தில் வருகிறது. அதற்கு 30 திறமைப்புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல், ஆக 1500 மணித்தியாலங்கள். இதில் வீட்டில் படிப்பதும் செய்முறையும் ஒப்படையும் சேரும். அப்படியே வைத்துக்கொண்டாலும், வார இறுதியில் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் என்று ஆறு மாதம் நடக்கும் வகுப்பைக் கூட்டிப் பார்த்தால் 208 மணித்தியாலங்களே வருகின்றன. மிகுதி 1292 மணித்தியாலங்களையும் பிள்ளை வீட்டில் இருந்து படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டுமானால், வார நாட்களில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் அளவில் படித்திருக்க வேண்டும். வணிகக் கல்வி படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். சிரிப்பார்கள், பிறகு அதே டிப்ளோமாவில் போய்ச் சேர்வார்கள்.

பட்டங்களின் நிலை சற்றுத் தெளிவானது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 1985இல் சேர்க்கப்பட்ட 25அ பிரிவின் கீழ், அரசு சாராத நிறுவனம் ஒன்றைப் பட்டம் வழங்கும் நிறுவனமாக அமைச்சர் வர்த்தமானி மூலம் அங்கீகரிக்கலாம். ஆனால் பட்டத்தை வழங்குவது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாகவும், இங்கே வகுப்பு நடத்துவது ஒரு உள்ளூர்க் கம்பனியாகவும் இருந்தால் அந்த உள்ளூர்க் கம்பனி 25அ இன் வலைக்குள் வருவதில்லை. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் சர்வதேசப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்ப்பது மாணவரின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது.

பெயரும் ஊரும் சொல்லாமல் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறேன். தகப்பன் இல்லாத குடும்பத்தில் மூத்த பெண் பிள்ளை ஒன்று தாதியர் உதவியாளர் பயிற்சி என்று ஒரு நிறுவனத்தில் சேர்ந்தது. தாயார் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டினார். மிகுதியைத் தவணையாகக் கட்டி முடித்தார். அரச வைத்தியசாலையில் தாதியாவதற்குச் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும் என்பதும், இது அதற்கு எந்த வகையிலும் ஈடாகாது என்பதும் சேரும் நேரத்தில் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தனியார் வைத்தியசாலை ஒன்றில் நேர்முகத்துக்குப் போனபோது, என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "நான் எல்லாப் பாடமும் பாஸ்தானே சேர், பிறகேன் வேண்டாமெண்டவை?" என்று பிள்ளை கேட்டாள். தாயாரின் கேள்வி இன்னும் நேரானது. "காசு வாங்கினவையிட்டக் கேக்கேலாதோ தம்பி?"

கேட்டுப் பார்த்தோம். சேரும்போது எழுத்தில் எந்த உடன்படிக்கையும் செய்யப்பட்டிருக்கவில்லை. கையில் இருந்தவை தவணைப் பற்றுச்சீட்டுகள் மாத்திரம். அவற்றின் அடியில் "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது" என்று சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பொறுப்பாளர் மரியாதையாகவே பேசினார். தாங்கள் என்.வி.கியூ. தருவதாக ஒருபோதும் சொல்லவில்லை என்றார். அது உண்மைதான், பிரசுரத்தில் அப்படி எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாமல் விட்டதற்கு வழக்குப் போட முடியுமா?

நியாயமாகக் கடைசிவரை யோசித்தால், தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கண்காணிப்பு முழுக்க முழுக்கச் சேர்வதற்கு முன்னுள்ள நிலையைப் பார்க்கிறது. கட்டடம் இருக்கிறதா, கருவிகள் இருக்கின்றனவா, போதனாசிரியர்களின் தகைமை என்ன, பாடத்திட்டம் இருக்கிறதா என்பவை முக்கியமான கேள்விகளே. ஆனால் பணம் கட்டிய பிறகு பிள்ளைக்கு என்ன நடந்தது, எத்தனை பேர் இடையில் நின்றார்கள், எத்தனை பேருக்குத் தகைமை கிடைத்தது என்பவை பதிவுச் சான்றிதழில் தெரிவதில்லை. நிறுவனம் இரவோடிரவாக மூடிவிட்டுப் போனால் அந்தச் சான்றிதழ் மாணவியின் கட்டணத்துக்குப் பிணை நிற்பதும் இல்லை.

இதில் ஒரு விசித்திரமான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட அரசு சாரா நிறுவனங்களின் தெரிவுசெய்யப்பட்ட பட்டப்படிப்புகளுக்கே அரசு உதவுகிறது. அதாவது தன்னுடைய பணம் போகும் இடத்தை அரசு முன்கூட்டியே தெரிந்தெடுக்கிறது. தாயின் நகை போகும் இடத்தைத் தெரிந்தெடுப்பதற்கு ஆளில்லை. நுண்கடன் விடயத்திலும் வன்னி இதைக் கண்டது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. வைப்பு ஏற்காமல் கடன் மட்டும் கொடுத்து, வாராவாரம் வீட்டுப்படியில் வந்து நின்ற பலர் அதற்கு வெளியே நின்றார்கள். கடன்பட்ட அதே வீடுகள்தான் இப்போது டிப்ளோமாவுக்கும் தவணை கட்டுகின்றன. சில இடங்களில் அந்தத் தவணையைக் கட்டுவதற்கே நுண்கடன் எடுக்கப்படுகிறது.

புலம்பெயர்ந்த எங்கள் சனம் செறிந்து வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தேன். அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் தனியார் தொழிற்கல்லூரிகளுக்கு ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். கல்லூரி மாத்திரமன்றி ஒவ்வொரு கற்கைநெறியும் அவருடைய அனுமதியைப் பெற வேண்டும். மாணவருடன் எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம். அதன் பிரதி கைக்குக் கிடைத்து இரண்டு நாட்களுக்குள் காரணமின்றி விலகி முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். இவை எல்லாவற்றையும்விட என் மனதில் நின்றது, கல்லூரிகளே பங்களிக்கும் பயிற்சி நிறைவு உறுதி நிதியம். 2015 பெப்ரவரியில் எவரெஸ்ட் கல்லூரி என்ற நிறுவனத்தின் அனுமதியைக் கண்காணிப்பாளர் இடைநிறுத்தியபோது ஒன்ராறியோவில் அதன் 14 வளாகங்கள் மூடப்பட்டன. மாணவர்கள் வேறிடத்தில் படிப்பை முடிப்பதற்கோ பணத்தை மீளப் பெறுவதற்கோ அந்த நிதியம் பயன்பட்டது. அதன் அமெரிக்கத் தாய் நிறுவனமான கொரிந்தியன் கல்லூரிகளும் அதே ஆண்டில் முற்றாக மூடப்பட்டன. கலிபோர்னியாவில், படிப்பை முடித்தோர் வீதத்தையும் வேலை பெற்றோர் வீதத்தையும் ஒரு தாளில் அச்சிட்டு, சேர்வதற்கு முன்பே மாணவரிடம் கொடுக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இவ்வளவு சட்டம் இருந்தும் அங்கே மோசடி ஒழிந்துவிடவில்லை. ஆனால் அகப்பட்ட பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

கனடாவைக் காட்டினால், அது பணக்கார நாடு என்று பதில் வரும். அப்படியானால் நம்முடைய நாட்டுக்குள்ளேயே பார்க்கலாம். 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் ஒருவர் அனுமதிப்பத்திரம் பெறுவதோடு பிணையும் வைக்க வேண்டியிருக்கிறது. ஏமாற்றப்பட்டவர் முறையிட்டால் அந்தப் பிணையில் கை வைக்கலாம். குவைத்துக்கு அனுப்புகிறேன் என்று பணம் வாங்குபவரிடம் பிணை கேட்கும் அரசு, குவைத்துக்கு அனுப்பும் டிப்ளோமா தருகிறேன் என்று பணம் வாங்குபவரிடமும் அதையே கேட்கலாம். அதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. மாணவர் தொகைக்கேற்ற ஒரு வங்கிப் பிணை, ஒரு நிலையான ஒப்பந்தப் படிவம், இடையில் நிற்போருக்குக் கற்பித்த பங்கைக் கழித்து மிகுதியைத் திருப்பும் விதி ஆகியவை போதும். படிவம் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வன்னியில் ஆங்கிலப் பிரசுரத்தைப் பார்த்துக் கையொப்பமிட்ட தாய்மார் பலர்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு நியாயத்தை நான் இலேசாக ஒதுக்க விரும்பவில்லை. விதிகள் இறுகினால் கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் தாங்கும். மல்லாவியிலோ முழங்காவிலிலோ இரண்டு அறையும் பத்துக் கணினியும் வைத்துக் கற்பிக்கும் ஓர் இளைஞன் தாங்க மாட்டான். பதிவுக்கான ஒவ்வொரு கடிதமும் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால் அவன் பதியாமலே இருந்துவிடுவான், அப்போது கண்காணிப்பு இன்னும் குறையும். என்னிடம் இதற்கு முழுமையான விடை இல்லை. ஆனால் பிரதேச செயலகங்களில் மனிதவள அபிவிருத்தி, திறன் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தொழிற்சந்தை நடத்துகிறார்கள், பாடசாலைகளுக்கும் வருகிறார்கள். தங்கள் பிரிவில் எந்த நிறுவனத்தின் எந்தக் கற்கைநெறிக்கு இன்று அங்கீகாரம் இருக்கிறது என்ற பட்டியலை மாதம் ஒரு முறை அறிவித்தல் பலகையில் ஒட்டும் அதிகாரத்தையும் கடமையையும் அவர்களுக்குக் கொடுத்தால், அந்த இளைஞனுக்குப் பதிவதில் ஒரு இலாபமும் கிடைக்கும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவு விபரங்கள் இருக்கின்றனதான். ஆனால் தவணை கட்டுவது தாய், இணையத்தில் தேடத் தெரிந்தது பிள்ளை, பிள்ளையோ ஏற்கெனவே சேர்ந்துவிடும் ஆசையில் இருக்கிறது.

சட்டம் திருந்தும் வரைக்கும் கையில் இருப்பவற்றைப் பயன்படுத்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் சேவை பற்றியும் முறையிடலாம். ஆனால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், ஓராண்டுப் படிப்பில் ஏமாந்ததை முடிவில் உணர்பவருக்கு அதன் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும். சிறிய தொகைப் பிணக்குகள் எப்படியும் முதலில் மத்தியஸ்த சபைக்கே போகும். அங்கே இணக்கத்துக்கு வந்து பாதிப் பணம் திரும்பக் கிடைத்த சிலரை அறிவேன்.

பலருக்குத் தெரியாத கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். அதன் 43ஆம் பிரிவு பகிரங்க அதிகாரசபைகள் எவை என்று வரையறுக்கும்போது, ஏதேனும் எழுத்துமூலச் சட்டத்தின் கீழ் தாபிக்கப்பட்ட, அங்கீகரிக்கப்பட்ட அல்லது உரிமமளிக்கப்பட்ட தனியார் கல்வி நிறுவனங்களையும், தொழில் அல்லது தொழில்நுட்பக் கல்வி வழங்கும் நிறுவனங்கள் உட்பட, அதனுள் அடக்குகிறது. இதன் பொருள், ஆணைக்குழுவிடம் மட்டுமல்ல, "அரச அங்கீகாரம் பெற்றது" என்று விளம்பரம் செய்யும் அந்த நிறுவனத்திடமே ஒரு பிரசை எழுத்தில் தகவல் கோரலாம் என்பதாகும். நான் பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் கேள்விகள் அதிகம் இல்லை. இந்தக் கற்கைநெறிக்குத் தராதர அங்கீகாரம் இருக்கிறதா, இருப்பின் எந்த மட்டம், எந்தத் திகதி வரை? கடந்த மூன்று ஆண்டுகளில் இதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், என்.வி.கியூ. பெற்றவர்கள் எத்தனை பேர்? கட்டணத்தை மீளளிக்கும் விதி என்ன? காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரசை என்றால் போதும், தமிழிலேயே எழுதலாம்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்; அதன் பிறகு கொழும்பிலுள்ள தகவல் ஆணைக்குழு இருக்கிறது. கடிதத்தை முற்பணம் கட்டுவதற்கு முன்பே பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. தபாற்கந்தோரில் தரும் சிட்டையையும் கடிதத்தின் பிரதியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருங்கள். மேன்முறையீட்டுக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் திகதிதான்.